ரீஃபில் மை பிரிண்டரைக் கெடுத்துவிடுமா?

கேள்வி: பொகவந்தலாவை வாசகர், 2024 பெப்ரவரி 4

தங்கையின் படிப்புக்காக மலிவான இன்க்ஜெட் பிரிண்டர் ஒன்று வாங்கினோம். உடன் வந்த கறுப்பு மை சீக்கிரமே தீர்ந்துவிட்டது. புதிய ஒரிஜினல் கார்ட்ரிஜின் விலையைக் கேட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அம்மாவுக்குத் தோட்டத்தில் நாட்சம்பளம் 1000 ரூபா. ஒரு கார்ட்ரிஜுக்கு அவர் எத்தனை நாள் கொழுந்து பறிக்க வேண்டும் என்று கணக்குப் பார்க்கவே மனம் வரவில்லை. ஹட்டனில் ஒரு கடையில் பழைய கார்ட்ரிஜிலேயே மை நிரப்பித் தருகிறார்கள். பிரிண்டர் விற்றவரோ, வெளி மை போட்டால் மெஷினும் போய்விடும், உத்தரவாதமும் போய்விடும் என்கிறார். யார் சொல்வது சரி?

பெப்ரவரி 4, இரவு

எந்தப் பிரிண்டர் என்று சொல்லாமல் கேட்டிருக்கிறீர்கள் தம்பி. பதில் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

கார்ட்ரிஜை வெளியே எடுத்துப் பாருங்கள். முதுகுப்பக்கம் செம்பு நிறப் புள்ளிகள் கொண்ட பட்டையும், அடியில் விரல் நகத்தைவிடச் சிறிய பளபளப்பான தகடும் இருந்தால், மையைத் தெறிக்கவிடும் தலை கார்ட்ரிஜிலேயே இருக்கிறது என்று அர்த்தம். எச்பி 680, கெனன் 745, 746 எல்லாம் இந்த வகை. இதில் மோசமான மை போட்டால் கெடுவது கார்ட்ரிஜ் மட்டும்தான். அடுத்த கார்ட்ரிஜோடு புதிய தலையும் வந்துவிடும்.

எப்சன் பிரிண்டர்களில் தலை மெஷினோடு பொருத்தப்பட்டது. அங்கே துளை அடைத்துக்கொண்டால், திருத்துகிற செலவுக்கு இன்னொரு பிரிண்டரே வாங்கிவிடலாம். விற்றவர் காட்டிய பயம் அந்த வகைக்குத்தான் பொருந்தும்.

உத்தரவாதம் பற்றி வேறொரு நாள். தலவாக்கலையில் டியூஷன் வகுப்பு நடத்துகிறேன். நாளைய வினாத்தாள் இன்னும் அச்சாகவில்லை.

பெப்ரவரி 5

680 என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் தாராளமாக நிரப்புங்கள்.

பெப்ரவரி 7

"நிரப்புவதைவிட, வேறு நிறுவனங்கள் விற்கும் கொம்பேட்டிபிள் கார்ட்ரிஜ் வாங்குவது பாதுகாப்பு இல்லையா, அது புதியதுதானே?" என்று ஹப்புத்தளையிலிருந்து ஒரு டீச்சர் கேட்கிறார்.

தலை உள்ள கார்ட்ரிஜ்களில் அந்தப் பெயரோடு கடைக்கு வருபவை பெரும்பாலும் புதியவை அல்ல, டீச்சர். யாரோ பாவித்துவிட்டுப் போட்ட ஒரிஜினல் கூட்டைச் சேகரித்து, கழுவி, மை ஏற்றி, புது லேபிள் ஒட்டியவை. துளைகளும் மின்சுற்றும் சேர்ந்த அந்தத் தகட்டைச் செய்வது எல்லோராலும் ஆகிற காரியம் அல்ல. அதனால் பழைய தகட்டையே திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். அந்தக் கூடு முன்பு எந்த வீட்டில், எத்தனை மாதம் காய்ந்து கிடந்தது என்பது நமக்குத் தெரியாது. நம் வீட்டுக் கூட்டின் சரித்திரம் நமக்குத் தெரியும். அதனால் ஒரு முறை ஒரிஜினல் வாங்கி, அந்தக் கூட்டையே நிரப்பிக்கொண்டு போவதுதான் என் வழி.

தலை மெஷினில் உள்ள பிரிண்டர்களுக்கு விற்கும் கொம்பேட்டிபிள் வேறு விடயம். அங்கே கார்ட்ரிஜ் வெறும் மைக்கூடும் ஒரு சிப்பும்தான். அதைப் புதிதாகவே செய்ய முடிகிறது, செய்கிறார்கள்.

பெப்ரவரி 11

பக்கக் கணக்கு கேட்டவர்களுக்கு. 680 கறுப்புக்கு நிறுவனம் சொல்லும் அளவு சுமார் 480 பக்கம், கலருக்குச் சுமார் 150. ஐஎஸ்ஓ 24712 என்ற தரநிலையில் உள்ள மாதிரிப் பக்கங்களை ஒரே தொடர்ச்சியாக அச்சடித்து எண்ணிய கணக்கு அது. நாமோ இன்றைக்கு இரண்டு பக்கம், அடுத்த வாரம் பத்துப் பக்கம் என்று அடிக்கிறோம். ஒவ்வொரு முறை விழித்தெழும்போதும் பிரிண்டர் தன் தலையைக் கழுவிக்கொள்கிறது. அந்த மை காகிதத்துக்கு வருவதேயில்லை. வகுப்பில் நான் கொடுக்கும் டியூட் தாள்களில் தடித்த தலைப்பும் கட்டம் போட்ட அட்டவணையும் அதிகம். 480 ஐ நான் கண்ணால் கண்டதில்லை.

பணம் மிச்சமாகும் இடம் இன்னொன்று உண்டு. வகுப்பு முழுவதற்கும் இன்க்ஜெட்டில் அடிக்காதீர்கள். மூலப்பிரதி ஒன்று மட்டும் வீட்டில், மற்றவை போட்டோக்கொப்பி. பிள்ளைகள் அதிகமென்றால், ஒரே தாளை நிறையப் பிரதி எடுக்கும் டூப்ளோ மெஷின். ஸ்டென்சில் வெட்டி ரோனியோவில் உருட்டிய பழைய ஆசிரியர்கள் இந்தக் கணக்கை நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள்.

பெப்ரவரி 18

நிரப்பும் முறையைக் கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். நீளமாகவே எழுதுகிறேன்.

நிரப்புவதற்குச் சரியான நேரம், மை தீர்வதற்கு முன்பு. இதைத்தான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: எழுத்து வெளிறி, வரிவரியாகி, வெறும் காகிதம் வரும்வரை அடித்துவிட்டுத்தான் கடையைத் தேடுகிறார்கள். இந்த வகைத் தலையில் ஒவ்வொரு துளைக்கும் பின்னால் நுண்ணிய சூடேற்றி ஒன்று இருக்கிறது. ஒரு நொடியை பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் சில பங்கு நேரத்துக்குள் அது ஏறத்தாழ 300 பாகை செல்சியஸுக்குச் சூடாகிறது. தொட்டுக்கொண்டிருக்கும் மை ஆவிக்குமிழாகி, முன்னால் உள்ள துளியைத் தள்ளுகிறது. அந்தச் சூட்டைத் தணிப்பதும் அதே மைதான். மை இல்லாமல் அடித்தால் சூடேற்றி கருகுகிறது. பிறகு எவ்வளவு நல்ல மை ஏற்றினாலும் அந்தத் துளை எழும்பாது. "ரீஃபில் போட்டேன், கார்ட்ரிஜ் செத்துவிட்டது" என்பவர்களில் பலரின் கார்ட்ரிஜ் ரீஃபிலுக்கு முன்பே செத்துவிட்டது.

மேல் லேபிளை மெதுவாக உரித்தால் துளைகள் தெரியும். கறுப்பில் மை ஏற்ற ஒரு துளை போதும். கலரில் மூன்று அறைகள். எது எந்த நிறம் என்று நான் சொல்லப்போவதில்லை, நீங்களும் யாரையும் நம்பாதீர்கள். பல்குத்தும் குச்சியை விட்டு எடுத்து, நுனியின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் அறைக்குள் ஒரு துளி நீலம் போனால் பிள்ளைகளின் சூரியகாந்தி பச்சையாகத்தான் பூக்கும்.

உள்ளே இருப்பது ஸ்பொஞ்ச். ஊசியை அதன் நடுவரை இறக்கி, மிக மெதுவாக அழுத்துங்கள். வேகமாக அழுத்தினால் ஸ்பொஞ்சுக்குள் காற்று சிறைப்பட்டு, மை தலையை எட்டாது. கறுப்பில் ஒரே தடவையில் நான்கைந்து மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம். துளையின் வாயில் மை மினுங்கத் தொடங்கினால் நிறுத்தி, ஒரு சொட்டு திரும்ப இழுத்துவிடுங்கள். அளவு மிஞ்சினால் மிச்சம் பிரிண்டரின் வயிற்றுக்குள்தான் ஒழுகும். பிறகு, மடித்த டிஷ்யூவின் மேல் தலையை வைத்து ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். டிஷ்யூவில் தெளிவான கோடு விழுந்தால் மை இறங்கிவிட்டது.

கையுறை போடுங்கள். நான் போடாமல் செய்துவிட்டு ஒரு கலியாண வீட்டுக்குப் போனேன். தேர்தல் ஆண்டில் விரலில் ஊதாக் கறையோடு பந்தியில் உட்கார்ந்தால் என்னென்ன கேட்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

பெப்ரவரி 19

பவுண்டன் பேனா மை போடலாமா? வேண்டாம். இன்க்ஜெட் மையில் பெரும்பகுதி தண்ணீர். துளையில் காய்ந்துவிடாதபடி கிளைக்கோல் வகைகள் சேர்த்து, பாகுத்தன்மையையும் அளந்து வைத்திருக்கிறார்கள். ரப்பர் முத்திரைக்கு ஊற்றும் மையைக் கேட்டவருக்கு: தயவுசெய்து வேண்டாம்.

மார்ச் 3

நுவரெலியாவிலிருந்து ஓர் அண்ணன். கொழும்பில் ஒரு கடையில் நிரப்பிய கார்ட்ரிஜ் வாங்கி, தலைக்கு டேப் ஒட்டி, பொலித்தீனில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறார். வீட்டில் பிரித்தால் பொலித்தீன் நிறைய மை. கினிகத்தேனை வளைவுகளில் பஸ் போகும் வேகத்துக்கு மனிதருக்கே வயிறு நிற்பதில்லை, மை எப்படி நிற்கும் என்று எழுதினேன். மேலே பார்த்தபடி பிடித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

மார்ச் 4

பதுளையில் பௌதிகவியல் கற்பிக்கும் ஒருவர் என் பதிலை ஒரே வரியில் தள்ளிவிட்டார்: "கொழும்பில் வாங்கிய சிப்ஸ் பக்கெட் நுவரெலியாவில் ஊதிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன். மையோடு அதைச் சேர்த்து யோசித்ததில்லை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். அங்கே வளியமுக்கம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதாவது கொழும்பில் மூடி அடைத்த காற்று, வழி கிடைத்தால், நான்கில் ஒரு பங்கு அதிக இடம் கேட்கும். கார்ட்ரிஜுக்குள் அப்படிச் சிறைப்பட்ட காற்று விரியும்போது மையைத்தான் வெளியே தள்ளும்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. ஒரிஜினல் கார்ட்ரிஜும் அதே மலையில்தான் ஏறி வருகிறது. அது ஏன் ஒழுகுவதில்லை?

மார்ச் 10

விடை லேபிளுக்கு அடியில் இருந்தது. ஒரிஜினலின் மேல் மூடியில் நூல் அகலத்தில் வளைந்து ஓடும் காற்றுக் கால்வாய்கள் உண்டு. லேபிள் அவற்றை மூடினாலும் ஓரத்தில் மூச்சுவிட வழி விட்டிருக்கும். காற்று விரிந்தால் அந்த வழியாகப் போய்விடும். ரீஃபில் கடைகளில் லேபிளை உரித்து எறிந்துவிட்டு, ஒழுகாமல் இருக்கட்டும் என்று அகலச் செலோடேப்பை அழுத்தி ஒட்டிக் கொடுக்கிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் ஒழுகுவதே அதனால்தான். மேல்வழி அடைபட்டதும் மிஞ்சியிருப்பது கீழே உள்ள தலைத்துளைகள் மட்டும். நுவரெலியா அண்ணன் படம் அனுப்பினார். செலோடேப் மூன்று சுற்று.

இதே டேப் வேறொரு வேலையும் செய்கிறது. முதல் பக்கம் அழகாக வந்து, இரண்டாம் பக்கத்தின் பாதியில் எழுத்து மங்கி, கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தால் மீண்டும் சரியாகிறது என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். மை போன இடத்துக்குக் காற்று வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி மை இறங்க மறுக்கிறது. டேப்பை எடுத்துவிட்டு, உரித்த லேபிளையே லேசாகத் திரும்ப ஒட்டுங்கள். லேபிள் கிழிந்திருந்தால் டேப்பில் ஊசியால் ஒரு குத்து.

போத்தலில் மை வாங்கி மலைக்குக் கொண்டுவருவோர், மூடியை வெகு மெதுவாகத் திருகுங்கள். பழைய சட்டை போட்டுக்கொண்டு.

ஏப்ரல் 21

புதுவருட விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்து பிரிண்டரைப் போட்டால் கோடு கோடாக வருகிறது என்ற புகார் வரிசையாக வருகிறது. எதிர்பார்த்ததுதான். இந்தக் குளிர் ஊரில் மை காயாது என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. சாமிமலையில் துணி காயாது, ஆனால் தலைத்துளையில் நிற்கும் மை காயும். அதன் அளவு அவ்வளவு சிறியது.

சுவரில் உள்ள சுவிட்சால் பிரிண்டரை அணைக்காதீர்கள். அதன் சொந்தப் பொத்தானை அழுத்தினால்தான் தலை ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடிக்குள் உட்காரும். இல்லாவிட்டால் நடுவழியில் திறந்தபடி நிற்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு வந்தபோது எங்கள் பக்கத்தில் பல பிரிண்டர்கள் அப்படித்தான் காய்ந்தன. அச்சடித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போகும்; தலை நின்ற இடத்திலேயே நிற்கும். டொலர் இல்லாமல் காகிதமும் மையும் வராததால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்த மாதம் அது. கார்ட்ரிஜ் காய்ந்தால் மாற்றுவதற்குக் கடையில் கார்ட்ரிஜ் இல்லை. ரீஃபிலை ஏளனமாகப் பார்த்த சிலர் எனக்கு மரியாதையாகத் தொலைபேசி எடுத்த மாதமும் அதுதான்.

காய்ந்ததை எழுப்ப: தட்டையான மூடியொன்றில் வெதுவெதுப்பான தண்ணீர், வடித்த நீர் என்றால் நல்லது. தலைத்தகடு மட்டும் நனையும்படி சில நிமிடம் வைத்து, டிஷ்யூவில் ஒற்றி, செம்புப் பட்டையை நன்றாக உலரவிட்டுப் போடுங்கள். கணினியில் உள்ள கிளீனிங் கட்டளையை மறுபடி மறுபடி அழுத்தினால் மைதான் தீரும். அந்த மையெல்லாம் மெஷினின் அடியில் உள்ள கழிவு மைப் பஞ்சுக்குப் போகிறது. பஞ்சு நிறைந்துவிட்டதாகக் கணக்கு வந்ததும் சில மெஷின்கள் வேலையையே நிறுத்திவிடும். வாரம் ஒரு முறை எல்லா நிறமும் வரும் ஒரு சிறிய பக்கம் அடித்தால் இத்தனை பாடும் வேண்டாம்.

ஜூன் 9

மழை தொடங்கிவிட்டது. ஒரு கோவில் திருவிழா அறிவித்தல், ரீஃபில் மையில் அச்சடித்துக் கடைச்சுவரில் ஒட்டியது, மாலைக்குள் நீலக் கண்ணீராக வடிந்துவிட்டது. அச்சடித்தவரும் இங்கே வாசிக்கிறார். பெயர் சொல்லவில்லை, சாமி பெயர் மட்டும் கடைசிவரை வாசிக்கக்கூடியதாக இருந்தது.

680 போன்றவற்றின் ஒரிஜினல் கறுப்பு நிறமி மை: நுண்துகள்கள் காகிதத்தின் மேல் தங்கி, காய்ந்தபின் தண்ணீருக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும். கலர்கள் சாய மை, தண்ணீர் பட்டால் கரையும். "எல்லாப் பிரிண்டருக்கும்" என்று எழுதி விற்கும் மலிவான போத்தலில் கறுப்பும் பெரும்பாலும் சாயம்தான். வினாத்தாளுக்கு அது போதும். சேமலாப நிதிப் படிவம், பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பம், கிராம சேவகருக்குக் கொடுக்கும் கடிதம் போன்றவை பல கை மாறி, நனைந்த குடைக்கடியில் போய்வரும் தாள்கள். அவற்றுக்கு நிறமிக் கறுப்பு என்று கேட்டு வாங்குங்கள். ஒரே கூட்டுக்குள் நிறமியையும் சாயத்தையும் கலக்க வேண்டாம். துகள்கள் திரண்டு துளையை அடைக்கக்கூடும்.

எழுத்தின் ஓரம் முடி முளைத்ததுபோல் வந்தால் உடனே மையைத் திட்டாதீர்கள். காகிதம் ஈரத்தைக் குடித்திருக்கிறது. திறந்த கட்டை பொலித்தீனில் இறுக்கி, அலுமாரிக்குள் வையுங்கள். அடுப்படிக்கு மேலே வைத்து உலர்த்திய ஒருவரின் காகிதம் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி வளைந்து பிரிண்டருக்குள் சிக்கிக்கொண்டது.

ஜூலை 14

பெப்ரவரியில் தள்ளிவைத்த உத்தரவாதம். எச்பி தன் உத்தரவாத அறிக்கையிலேயே, வெளி கார்ட்ரிஜோ நிரப்பிய கார்ட்ரிஜோ பாவிப்பதால் மட்டும் உத்தரவாதம் இல்லாமல் போகாது என்று எழுதுகிறது. அந்த மையால்தான் பழுது வந்தது என்றால் திருத்தக் காசு வாங்குவார்கள். விற்றவர் சொன்னதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரியது. ஆனால் மெஷினுக்குள் மை ஒழுகிக் கிடக்கும் நிலையில் கொண்டுபோய் இந்த வரியை வாசித்துக் காட்டினால் நான் பொறுப்பல்ல.

நிரப்பிய பிறகும் மை அளவு "காலி" என்றே காட்டும். அது மையைப் பார்ப்பதில்லை, அடித்த துளிகளை எண்ணுகிறது. 680 இல் எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டு மேலே போகலாம். 745 இல் பிரிண்டரின் நிறுத்தும் பொத்தானை ஐந்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் அந்தக் கார்ட்ரிஜுக்கு எண்ணுவதை விட்டுவிடும். அதற்குப் பிறகு மை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு. வறட்சியில் தலை கருகும் கதையை மேலே எழுதியிருக்கிறேன்.

கடையில் வாங்கிய நிரப்பிய கார்ட்ரிஜைப் போட்டதும் "பாதுகாக்கப்பட்டது" என்று மறுத்தால், முந்திய சொந்தக்காரர் அதைத் தன் பிரிண்டரோடு பூட்டும் வசதியை இயக்கியிருக்கிறார். நம்மால் திறக்க முடியாது, திருப்பிக் கொடுங்கள். பிறருடைய கூட்டை வாங்காதீர்கள் என்றதற்கு இது இரண்டாவது காரணம். உங்கள் பிரிண்டரிலும் அந்த வசதி இயங்குகிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள்.

மெஷினின் மென்பொருளை இணையத்தில் புதுப்பித்தால் ரீஃபில் நின்றுவிடுமா என்றும் கேள்வி. 2016 செப்டெம்பர் 13 அன்று எச்பியின் சில ஒபிஸ்ஜெட் மொடல்கள் அதுவரை ஏற்றுக்கொண்ட வெளி கார்ட்ரிஜ்களைத் திடீரென மறுத்தன. கூச்சல் எழுந்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அந்தத் தடையை நீக்கும் மென்பொருளைக் கொடுத்தது. அங்கே தடுக்கப்பட்டவை வெளி சிப் உள்ள கார்ட்ரிஜ்கள். ஒரிஜினல் கூட்டையே நிரப்பும்போது அதில் இருப்பது ஒரிஜினல் மின்சுற்றுதான். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2017 மே 30 அன்று லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் நிறுவனத்தின் வழக்கில், விற்ற கார்ட்ரிஜின் மேல் காப்புரிமையைக் காட்டி நிறுவனம் உரிமை கொண்டாட முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு பொகவந்தலாவைவரை வராது, ஆனால் வாசிக்கச் சந்தோஷமாக இருக்கிறது.

ஓகஸ்ட் 18

கார்ட்ரிஜுக்குப் பதில் மை ஊற்றும் தொட்டி உள்ள டேங்க் பிரிண்டர் வாங்கினால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்கிறார் ஹப்புத்தளை டீச்சர். உண்மை. ரீஃபில் செய்வோரைப் பார்த்துத்தான் அது பிறந்தது என்பது என் எண்ணம்: கார்ட்ரிஜுக்குக் குழாய் பூட்டி வெளியே போத்தல் தொங்கவிடும் வழக்கம் ஆசியக் கடைகளில் பரவிக் கிடந்தது. 2010 இல் எப்சன் தானே டேங்க் வைத்த பிரிண்டரை முதலில் இந்தோனேசியாவில் விற்கத் தொடங்கியது.

ஆனால் விலை மலிவுப் பிரிண்டரைவிடப் பல மடங்கு. நாள்தோறும் அடிப்பவருக்கு அது திரும்பக் கிடைக்கும். மாதத்துக்குச் சில பக்கம் அடிக்கும் வீட்டில், காய்ந்துபோனால் பெரும்பாலும் எளிதில் கழற்றி எறிய முடியாத தலையோடு அது நிற்கும். டீச்சர் பாடசாலைக்கும் சேர்த்து அடிக்கிறார், அவர் வாங்கலாம். தம்பியின் வீட்டுக்கு இப்போதைக்கு 680 போதும்.

செப்டெம்பர் 8

பொகவந்தலாவை தம்பி தன் கறுப்புக் கார்ட்ரிஜின் சோதனைப் பக்கத்தை அனுப்பியிருக்கிறார். ஒரே இடத்தில் ஒரே வெள்ளைக்கோடு, வெதுவெதுப்பான நீரில் வைத்த பிறகும் மாறவில்லை. அந்தத் துளைகள் கருகிவிட்டன. இனி நிரப்புவது வீண் மை. பெப்ரவரியிலிருந்து அந்த ஒரே கூடு தங்கையின் நோட்ஸ் முழுவதையும் அடித்திருக்கிறது. அதற்கு மேல் அதனிடம் கேட்க முடியாது. இப்போது ஓர் ஒரிஜினல் வாங்குங்கள். முதல் தடவை எழுத்து வெளிறுவதற்கு முன்பே நிரப்பத் தொடங்குங்கள்.

இம்முறை கடைக்குக் கொடுக்காமல் தானே நிரப்பப் போகிறாராம். பாமசியில் 10 மில்லிலீற்றர் சிரிஞ்சும் நீண்ட ஊசியும் கேட்டால், இளைஞர்களை ஒரு பார்வை பார்ப்பார்கள் தம்பி. பழைய கார்ட்ரிஜைக் கையோடு கொண்டுபோங்கள்.